கழுவினால் போகாத மஞ்சள்

மஞ்சள் நிறத்தில் பதினேழு வகை உண்டு என்று மாரிசெல்வி அடித்துச் சொல்வாள். திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் ஆறு வருடமாக மை கலக்குகிறவள். புஸ்வாணப் பெட்டிக்கு ஒரு மஞ்சள், சங்குசக்கரப் பெட்டிக்கு ஒரு மஞ்சள் என்று கண்ணை மூடிக்கொண்டு கலந்து கொடுப்பாள். மிஷின்காரர்களுக்குள் கலரில் தகராறு வந்தால், "செல்விட்ட காட்டு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அப்பேர்ப்பட்டவளின் கண்ணுக்கே ஒருநாள் மஞ்சள் எது, மை எது என்று தெரியாமல் போயிற்று. சந்தோஷம் வந்தால் மனுஷி அப்படித்தான் ஆகிவிடுகிறாள்.

சந்தோஷத்துக்குக் காரணம் எம். புதுப்பட்டிக் கோயிலின் பங்குனிப் பொங்கல். அது அவள் கணவன் அன்பரசனின் ஊர். கல்யாணமாகி ஏழு மாதமாகியும் அவள் காலடி வைக்காத ஊர்.

அன்பரசன் பட்டாசு கம்பெனி ஒன்றில் போர்மேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி மாதிரியைத் தூக்கிக்கொண்டு, "இந்த மஞ்ச சரியில்லைங்க" என்று பிரஸ்ஸுக்குச் சண்டை போட வந்தான். "மஞ்ச சரியாத்தான் இருக்கு. நீங்க டியூப்லைட்டுக்கு அடியில வச்சுப் பாக்கீக. வெளிய வெயிலுக்குக் கொண்டு போயிப் பாருங்க," என்றாள் மாரிசெல்வி. போய்ப் பார்த்தான். திரும்பி வந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. அடுத்த வாரம் இன்னொரு பெட்டியோடு வந்தான். அதற்கடுத்த வாரம் பெட்டியே இல்லாமல் வந்தான்.

மாரிசெல்வி சுற்றி வளைக்கிற ஆளில்லை. தான் திருநங்கை என்பதையும், பத்தொன்பது வயதில் வீட்டைவிட்டு வந்ததையும், இந்தப் பெயர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது என்பதையும் டீக்கடை பெஞ்சில் வைத்தே சொல்லிவிட்டாள்.

"தெரியும். பிரஸ்ல சொன்னாக," என்றான் அவன்.

"தெரிஞ்சுமா வாரீக?"

"தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் பெட்டி இல்லாம வந்தேன்."

அதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? போன ஆவணியில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். திருத்தங்கலிலேயே வாடகை வீடு. மொட்டை மாடியில் இரண்டு தொட்டி ரோஜா.

மாமியார் அய்யம்மாள் மட்டும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அன்பரசனின் தம்பி செல்வக்குமார் லோடு வேன் ஓட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள் அதே தெருவில் லோடு இறக்குவான். அண்ணன் வீடு அங்கே இல்லாத மாதிரி நேரே பார்த்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் கோபத்தையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. அண்ணன் யாரைக் கட்டியிருக்கிறான் என்று தெரிந்ததும், இவனுக்குப் பேசி முடித்திருந்த ஒரு சம்பந்தம் கலைந்து போயிருந்தது. இப்போது மல்லாங்கிணற்றில் ஓர் இடம் கூடி வந்திருக்கிறது. பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை பூ வைக்கப் போகிறார்கள். "மூத்த மருமக எங்க, காணோம்?" என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, "அவ உடம்புக்கு முடியாம ஆறு மாசமாப் படுக்கையில கெடக்கா" என்று அய்யம்மாள் ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் பொங்கலுக்கு மூத்த மகன் வந்தே ஆக வேண்டும். "வந்தா ரெண்டு பேருந்தான் வருவோம்," என்று அன்பரசன் போனில் சொல்லிவிட்டான். அய்யம்மாள், "வரட்டும். சாமியக் கும்பிடட்டும். ஆனா மஞ்சத்தண்ணிச் செம்ப அவ தொடக்கூடாது," என்றாள்.

பொங்கலுக்கு மறுநாள் அந்த ஊரில் மஞ்சத்தண்ணி. முறைப்பெண் மாமன் மகன் மேல் ஊற்றலாம். மதினி கொழுந்தன் மேல் ஊற்றலாம். முறையில்லாத ஆள் மேல் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. ஆக, யாருக்கு யார் என்ன உறவு என்பது அன்றைக்கு நடுத்தெருவிலேயே தெரிந்துவிடும். செம்பைத் தொடாதே என்றால், நீ என் வீட்டு மருமகள் இல்லை என்று அர்த்தம். மாரிசெல்விக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும் சிவகாசி பஜாரில் போய்ப் புதுப் பித்தளைச் செம்பு ஒன்று வாங்கினாள்.

"ஊத்த மாட்டேன். சும்மா கையில வச்சிட்டு ஒரு ஓரமா நிப்பேன். சத்தியம்," என்று கணவனிடம் சொன்னாள்.

"நம்பிட்டேன்," என்றான் அவன், கொஞ்சமும் நம்பாமல்.

சும்மா கையில் வைத்திருக்கிற தண்ணீர்தான். இருந்தாலும் மஞ்சள் கட்டிதட்டினால் கலர்க்காரிக்கு மனசு ஆறுமா? பிரஸ்ஸில் மை கலக்குகிற மிஷினைக் கழுவித் துடைத்து, அதில் மஞ்சளைப் போட்டு நுரைக்க நுரைக்க அடித்து, வெள்ளைக் கேன் ஒன்றில் ஊற்றி மூடி வைத்தாள். பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு வெள்ளைக் கேன் இருந்தது. அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற தண்ணி மை, மஞ்சள் கலர், திங்கட்கிழமை ஆர்டருக்காகக் கலந்தது. புதன்கிழமை காலையில் அவசர அவசரமாக வந்து, ஒரு கேனை எடுத்துக்கொண்டு ஓடினாள். எந்தக் கேன் என்று சொல்லவும் வேண்டுமா? செம்பில் ஊற்றியதும் மேலே இரண்டு கொத்து வேப்பிலை போட்டாள். அந்த வாசத்தில் மையின் வாடையும் அமுங்கிவிட்டது.

புதுப்பட்டித் தெருவில் அன்றைக்கு நடந்ததை மாரிசெல்வி எத்தனை தடவை சொன்னாலும் மூச்சு வாங்கிக்கொண்டேதான் சொல்வாள். மேளம் ஒரு பக்கம், ரேடியோ செட் ஒரு பக்கம். பெண்கள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு செம்பும் குடமுமாகத் துரத்துகிறார்கள். மீசை வைத்த ஆம்பிளைகள் சந்து சந்தாக ஓடுகிறார்கள். அரக்குக் கலர் நூல் சேலை கட்டி, ஒரு வீட்டுச் சுவரோரமாக, இரண்டு கையாலும் செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். போகிற வருகிறவர்கள் அவளைப் பார்த்தார்கள். சிலர் திரும்பியும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

செல்வக்குமார் மேல் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அவன் அம்மா கூடப் பிறந்தவர்கள் இல்லாதவள். அப்பா வழியிலும் அத்தை கிடையாது. அதனால் முறைப்பெண் என்று ஒருத்தியும் இல்லை. ஊரே மஞ்சளாகத் திரும்பும்போது அவன் சட்டை மட்டும் போட்டது போட்டபடி வெள்ளையாகவே திரும்பும். ஆனாலும் வருடா வருடம் கூட்டாளிகளோடு சேர்ந்து ஓடுவான். தன்னைத் துரத்த யாருமில்லாமலே ஓடுவான்.

அன்றைக்கும் அப்படி ஓடி வந்து சந்து முக்கில் திரும்பியவன், அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவளைப் பார்த்தான். செம்பைப் பார்த்தான். பக்கத்தில் ஓர் ஆள் போகிற அளவு இடம் இருந்தது, ஒதுங்கிப் போயிருக்கலாம். ஒரு நொடி ஒதுங்காமல் நின்றான். அந்த ஒரு நொடியில் அவள் கை தானாக உயர்ந்தது. முழுச் செம்பையும் அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள்.

"ஏலே, செல்வக்குமாருக்கும் மஞ்சத்தண்ணி விழுந்துருச்சுலே," என்று கூட்டாளிகள் விசிலடித்தார்கள். அவன் முகத்தை வழித்துக்கொண்டான். வந்த வழியே நடந்து போனான். கோயில் வாசலில் நின்ற அய்யம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மாரிசெல்வி காலிச் செம்பை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சத்தியத்தை மீறிவிட்ட பயம் பாதி, சந்தோஷம் மீதி. சந்தோஷம்தான் கூட என்று பின்னால் ஒத்துக்கொண்டாள்.

பைக்கில் திருத்தங்கல் திரும்பும்போதுதான் வெயிலில் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எலுமிச்சம்பழ மஞ்சள். அந்தப் பதினேழில் எது என்று உடனே தெரிந்துவிட்டது.

"வண்டிய நிறுத்துங்க," என்றாள். "நான் உங்க தம்பி மேல அட்டைப்பெட்டி மைய ஊத்திட்டேன்."

அன்பரசன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். இரண்டு நிமிடம் ஹேண்டில் பாரில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். அழுகிறானோ என்று பயந்து அவள் குனிந்து பார்த்தால், சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சிரிக்காதீக. வெள்ளிக்கிழமை பூ வைப்பு," என்றாள். சிரிப்பு நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஓர் ஆள் பிரஸ்ஸுக்குள் வந்தான். துண்டை எடுத்தான். நெற்றி, காது, கழுத்து, புருவம் எல்லாம் பளிச்சென்று மஞ்சள். மிஷின்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

"இது போகுமா, போகாதா?" என்று கேட்டான் செல்வக்குமார். மதினி என்றும் சொல்லவில்லை, பேரையும் சொல்லவில்லை.

"உக்காருங்க," என்றாள். "என்னென்ன போட்டுத் தேச்சீக?"

"சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழம். மண்ணெண்ணெய் ஒண்ணுதான் பாக்கி."

"நல்லவேள."

தேங்காய் எண்ணெயையும் பஞ்சையும் எடுத்து வைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தாள். மெதுவாக, தோல் கன்றாமல். ஒரு மணி நேரத்தில் பஞ்சு மஞ்சள் மஞ்சளாகக் குவிந்தது.

"வேணும்னேவா மைய ஊத்துனீக?" என்றான் திடீரென்று.

"மை தெரியாம நடந்தது. ஊத்துனது தெரிஞ்சுதான்."

"எதுக்கு?"

மாரிசெல்வி பஞ்சைக் கீழே வைத்தாள். "எங்க ஊர்லயும் மஞ்சத்தண்ணி உண்டு. சின்னதுல அத்தை மகளுக எல்லாம் எம்மேல ஊத்துவாளுக. எல்லாப் பையலும் ஓடுவான். நான் மட்டும் ஓடாம நின்னு, அவளுக கையில இருக்கிற செம்பையே பாத்துட்டு இருப்பேன். வீட்டுக்குப் போயி நனஞ்ச சட்டையோட அழுவேன். நனஞ்சதுக்கு அழுகுறேன்னு எங்கம்மா நெனச்சிக்கிரும். நேத்துத்தான் மொத மொதலா எங்கையில செம்பு. கொளுந்தன் எதுக்க வந்து நிக்கீக. ஊத்தாம என்ன செய்ய?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "காதுக்குப் பின்னாடி இன்னும் இருக்கும்னு நெனக்கிறேன்," என்று தலையைச் சாய்த்துக் காட்டினான்.

நெற்றியும் கன்னமும் ஒருவாறு தெளிந்தன. காது, கழுத்து, தலைமுடியோரம் எதுவும் அசைகிற மாதிரி இல்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்றான். "நாளைக்கு வண்டியில வாங்க. போற வளியில இன்னொரு தடவ தொடச்சுப் பாப்போம். வண்டியிலயே இருந்துக்கலாம்ல?"

"இருந்துக்கிருவேன்," என்றாள். அதுவே அவளுக்கு அன்றைக்குப் பெரிய விஷயம்.

வெள்ளிக்கிழமை வேனில் முன் சீட்டில் அய்யம்மாள், மடியில் பூத்தட்டு. பக்கத்து வீட்டு லட்சுமிகாந்தம் அம்மாளையும் கூட்டி வந்திருந்தாள். அய்யம்மாள் புருஷனை இழந்து பன்னிரண்டு வருடமாகிறது. தாலி அறுத்தவள் பெண்ணுக்குப் பூ வைக்கக்கூடாது என்று எவனோ ஒருத்தன் சட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். சொந்த மகன் விசேஷத்துக்கு அடுத்த வீட்டுக்காரியைக் கும்பிட்டு அழைத்து வர வேண்டியிருந்தது. கடைசி சீட்டில் மாரிசெல்வி, கையில் எண்ணெயும் பஞ்சும். மல்லாங்கிணறு வருகிற வரைக்கும் கொழுந்தன் காதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். காது சிவந்தது. மஞ்சள் போகவில்லை.

பெண் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். வேனை அதை ஒட்டியே நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கிப் போனார்கள். அன்பரசன் மட்டும் இறங்காமல் தயங்கி நின்றான். "போங்க, போயி தம்பி பக்கத்துல உக்காருங்க," என்று அவள் விரட்டினாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாள். பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

பெண்ணின் அம்மா சண்முகத்தாய் எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையிடம் வந்ததும் கை நின்றது. காதைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்கு மஞ்சத்தண்ணி பலமா விழுந்திருக்கும் போல," என்றாள் சிரித்துக்கொண்டே. சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் மெல்ல அடங்கியது. "ஆமா மதினி, உங்க வீட்டுல முறைப்பொண்ணே கெடையாதுன்னுல்ல சொன்னீக? மூத்த மருமகளும் படுக்கையில கெடக்கான்னீக. அப்ப இத யாரு ஊத்துனா?"

வேனுக்குள் மாரிசெல்வி ஜன்னலோரம் நகர்ந்தாள். ஆறு மாதப் படுக்கை என்ற பொய் ஒரு காதுச் சாயத்தில் மாட்டிக்கொண்டது. அய்யம்மாள் பூத்தட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கூட்டாளிகள் விளையாட்டாக ஊற்றினார்கள் என்று சொன்னால் தீர்ந்தது. சொல்லிவிடுங்கள், தம்பி, சொல்லித் தொலையுங்கள் என்று மாரிசெல்வி சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். இரண்டாவது தடவையும் தன்னால் அவன் கல்யாணம் நின்றால், அப்புறம் அந்த ஊர்ப் பக்கம் எந்த முகத்தோடு போவது?

செல்வக்குமார் எழுந்து நின்றான்.

"எங்க மதினி ஊத்துனாக," என்றான்.

அய்யம்மாள் கையைப் பிடித்து இழுத்தும் அவன் உட்காரவில்லை.

"அவுகளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அம்மா சொன்னது பொய். எங்க மதினி திருநங்கை. எங்கண்ணன் ரிஜிஸ்டர் பண்ணி முறையாக் கட்டியிருக்கான். இது தெரிஞ்சு போன வருசம் ஒரு எடம் வேண்டாம்னு போயிட்டாக. அந்தப் பயத்துல அம்மா மறச்சிருச்சு. எனக்கும் கோவம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா இருபத்தாறு வருசமா எம்மேல ஒரு சொட்டு மஞ்சத்தண்ணி விழுந்ததில்ல. அவுகதான் ஊத்துனாக. அத இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இனி உங்க இஷ்டம்."

பெண்ணின் அப்பா முனியசாமி துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். "அதுக்கில்ல தம்பி… ஊருக்குள்ள நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. பொய்யி சொல்லி வேற…"

உள்ளேயிருந்து பட்டுச்சேலை சரசரக்க பெண் எழிலே வந்துவிட்டாள். விருதுநகரில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடுகிறவள். ஒரு நாளைக்கு நூறு பேரிடம் பேசிப் பழகியவள்.

"பொய் சொன்னது அவுக அம்மா. உண்மையச் சொன்னது இவுக. நான் கட்டிக்கப் போறது இவுகளத்தானப்பா," என்றாள். அப்பா ஏதோ சொல்ல வருவதற்குள் வேன் பக்கம் திரும்பினாள். "வண்டிக்குள்ள இருக்கிறது அவுகதானா? மொதல்ல அவுகள எறங்கச் சொல்லுங்க. இந்த வெயில்ல வெந்து போவாக."

முனியசாமி மகளைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். சண்முகத்தாய் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் பெருமூச்சு விட்டு, "எறங்கி வரச் சொல்லுங்க," என்றார்.

செல்வக்குமாரே வந்து வேன் கதவைத் திறந்தான். "மதினி, வாங்க. கூப்புடுறாக." அந்த ஒரு வார்த்தையை முகத்துக்கு நேராக அவன் சொல்வது அதுதான் முதல் தடவை. மாரிசெல்விக்குப் படியில் கால் தடுமாறியது. அன்பரசன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை பேர் முன்னால், விடாமல் பிடித்துக்கொண்டு கூட்டி வந்தான்.

பூ வைக்கிற நேரம் வந்தது. எழிலை மணையில் உட்கார வைத்தார்கள். லட்சுமிகாந்தம் அம்மாள் தட்டை வாங்கக் கையை நீட்டினாள். அய்யம்மாள் கொடுக்கவில்லை. தட்டைப் பிடித்தபடியே நின்றாள். அவள் பார்வை மாரிசெல்வியின் மஞ்சள் படிந்த கைகள் மேல் இருந்தது.

"ஏத்தா, இங்க வா," என்றாள்.

மாரிசெல்வி தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"ஒன்னத்தான். தொடாத, தொடாதன்னு எனக்கும் பன்னெண்டு வருசமாச் சொல்லுறாக. எம்புட்டு வலிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அதயே நான் ஒனக்குச் சொல்லிட்டேன்." அய்யம்மாள் உடனே குரலை அதட்டலாக மாற்றிக்கொண்டாள். "நீதான மூத்த மருமக. நீ வையி. கையக் களுவிட்டு வந்து வையி."

மாரிசெல்வி ஓடிப்போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மஞ்சள் போகவில்லை. அந்தக் கையோடேயே வந்து தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியதில் பின்னல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அய்யம்மாள் பின்னாலிருந்து அவள் முழங்கையைப் பிடித்து, சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டாள். பின்னலில் கொண்டை ஊசி ஏறியது. பூ நின்றது.

எழில் தலையை அசைக்காமல், உதடு மட்டும் அசைய, மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அடுத்த வருசம் மஞ்சத்தண்ணிக்கு உங்க கொளுந்தன் ஓடுவாகளா?"

"ஓடுவாக," என்றாள் மாரிசெல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆனா சந்து முக்குல வந்து நின்னுக்கிருவாக."